அ.லீ.

புயலுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். மறந்துவிட்டது.
கடலூர் மஞ்சக்குப்பம் மின்வாரிய அலுவலகத்தில்
எனக்குக் கொடுத்தது ஒரு போன், ஒரு நீளப் பதிவேடு,
ரீஃபில் தீரப்போகும் பேனா.
வரிசை எண். நேரம். தெரு. புகார் விவரம்.

முதல் நாள் எல்லோரும் கரண்ட் கேட்டார்கள்.
முழுசாக, கத்தி, கட்டிய பில்லைக் காட்டுகிற குரலில்.
இரண்டாம் நாள் காலையில்தான் அந்தச் சொல் வந்தது,
வண்டிப்பாளையத்திலிருந்து:
"அட்லீஸ்ட் மோட்டர் போட ஒரு மணி நேரமாவது விடுங்க சார்."
நான் சார் இல்லை. திருத்தவில்லை.

அதன்பிறகு அது என்னை விடவில்லை.
கூத்தப்பாக்கத்துக்கு அட்லீஸ்ட் ஒரு ஃபேஸ்.
சொத்திக்குப்பம் கோதண்டத்துக்கு
அட்லீஸ்ட் பெட்டியில் ஐஸ் உருகி முடிவதற்குள்.
செம்மண்டலத்தில் பெண் பார்க்க வருகிறார்களாம்,
அட்லீஸ்ட் அவர்கள் கை நனைத்து எழுந்திருக்கும் வரைக்கும்.
ஒருவர்: அட்லீஸ்ட் எப்ப வரும்னாவது சொல்லுங்க.
அடுத்தவர்: அட்லீஸ்ட் வராதுன்னாவது சொல்லித் தொலைங்க.

எழுதி எழுதி விரல் வீங்கியது. சுருக்கினேன்: அ.லீ.
உதவிப் பொறியாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு
"யாரும்மா இந்த அ.லீ., இத்தனை புகார் குடுத்திருக்காரு?"
சொன்னேன்.
"தமிழ்ல குறைந்தபட்சம்னு எழுது."

எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.
குறைந்தபட்சம் கூலிக்கு, வெயிலுக்கு,
பேங்கில் கிடந்தே ஆகவேண்டிய ஆயிரத்துக்கு.
அது ஒரு எண்ணில் கால் ஊன்றி நிற்கும்.
இவர்கள் கேட்டது நிற்கவில்லை,
கேட்கக் கேட்க இறங்கிக்கொண்டே இருந்தது.

விடிகாலை மூன்று மணிக்கு ஒன்று தட்டுப்பட்டது.
ஒரு மணி நேரமாவது என்றாலே போதுமே,
அந்த ஆவதுக்குள் அட்லீஸ்ட் அடங்கிவிட்டதே.
ஆனாலும் யாரும் ஒன்றோடு நிறுத்தவில்லை.
முன்னால் இங்கிலீஷில் ஒரு முட்டு,
பின்னால் தமிழில் ஒரு முட்டு,
தார் போட்ட வாழை சாயாமல் இருக்க
இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நடுவதுபோல.

ஐந்தாம் நாளுக்கு மேல் சொல் திரும்பிக்கொண்டது.
ராசாப்பேட்டையில் கூரை போன ஆள்
புகாரை மறந்துவிட்டுச் சொன்னார்:
அட்லீஸ்ட் ஆடு பிழைச்சுதும்மா.
இதில் ஆவது இல்லை. இறங்க இடமில்லை.
எந்தக் கட்டத்தில் இதை எழுத?

என் வீட்டிலும் இருட்டுதான்.
யாருக்கும் போன் பண்ணவில்லை.
பண்ணினால் நான்தானே எடுக்கவேண்டும்.

முதுநகர் மெஹ்ராஜ் பீவி மட்டும்
தினம் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுவார்,
இஷா முடித்து, பேரம் இல்லாமல்.
"எங்க தெருவுக்கு எப்பம்மா?" அவ்வளவுதான்.
ஒன்பதாம் நாள் "வந்துடுச்சும்மா" என்றார்.
வந்ததைச் சொல்ல அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டமும் கிடையாது.

போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.
"எதிர்வீடு வேற லைனு. இன்னும் வரல.
உள்ள பன்னெண்டு நாள் கொழந்த.
அட்லீஸ்ட் ஒரு ஃபேனாவது ஓடட்டும்னு
எங்க மாடியிலேருந்து ஒயர் இழுத்துட்டேன்,
தெருவுக்குக் குறுக்க.
தப்புதான். எழுதிக்காதே."

நேரம் எழுதியாகிவிட்டது. தெரு எழுதியாகிவிட்டது.
விவரத்தில் பழக்கதோஷத்தில் அ. என்று போட்டு
அந்தப் புள்ளியிலேயே பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
மசி ஊறிப் பெரிதானது.

"அட்லீஸ்ட் ஜாயிண்ட்டுக்கு
டேப்பாவது சுத்துங்கம்மா" என்றேன்.

"சுத்தியாச்சு," என்றார்,
"மூணு சுத்து."